சான்றைச் சிறைவைத்துச் சான்று கேட்கும் சட்டம்

சென்ற ஆண்டு எமது விடுதியின் பொது அறையில் விவாதமொன்று நடைபெற்றது. கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்க வேண்டுமா என்பதே விவாதப் பொருள். அது வாசிக்கப்பட்டதும் எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் சென்றது. பின்னர் பேசியோரிற் பலர் அச்சிரிப்பையே தமது வாதமாகக் கொண்டனர். சிவபெருமானைத் துணைக்கழைத்தவரும் உளர். சந்தியில் நிற்கும் இளைஞரைச் சுட்டிக்காட்டிச் சமுதாயம் சீரழிந்துவிட்டதெனக் கண்ணீர் வடித்தவரும் உளர். ஈற்றில் மருத்துவபீட நண்பர் ஒருவர் எழுந்து ஒரேயொரு வினாவை மட்டும் கேட்டார்: "சான்று எங்கே?" கைதட்டலோடு விவாதம் முடிவுற்றது.

அன்று பேசியோருள் விடை கூறத்தக்க வினாவை எழுப்பியவர் அவர் ஒருவரே. அவருக்கு விடை கூற நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. சபைக் கூச்சம் ஒரு காரணம். எழுந்தால் என் தமக்கையைப் பற்றிச் சொல்ல நேரும் என்ற அச்சம் மற்றொரு காரணம். அன்று விழுங்கிய விடையையே இங்கு எழுதுகிறேன்.

நோய்

மருத்துவர்கள் ஓ.சி.டி. எனச் சுருக்கிக் கூறும் எண்ணச் சுழற்சி நோயைச் சுத்தத்திலே அளவுமீறிய விருப்பம் என்றே நம்மவர் பலர் விளங்கிக்கொண்டுள்ளனர். இது தவறு. வேண்டாத எண்ணமொன்று மனத்துள் புகுகின்றது. கை அழுக்காகிவிட்டது, கதவு பூட்டப்படவில்லை, தன்னால் பிறருக்குக் கேடு நேர்ந்துவிட்டது. அது பொய்யென்பதை நோயாளி அறிவார். அறிந்தும் தள்ளிவிட இயலாமல் அதனைத் தணிக்க ஒரு செயலைச் செய்கிறார்: கழுவுகிறார், எண்ணுகிறார், திரும்பிச் சென்று கதவைத் தொட்டுப் பார்க்கிறார். சிறிது ஆறுதல் கிடைக்கின்றது. அந்த ஆறுதலே நோயை வளர்க்கும் உரமாகின்றது. அடுத்தமுறை இன்னும் ஒருதரம், இன்னும் ஒருதரம் என்று செயல் பெருகுகின்றது. நூறு பேரில் இருவரோ மூவரோ தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

இலங்கையிற் பிறந்த உளவியலாளரான பத்மல் டி சில்வாவும் அவரது சகா ஸ்ரான்லி ராக்மனும் 1978இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் ஒரு திருப்பமாகும். நோயற்ற சாதாரண மனிதரிடம் அவர்கள் விசாரித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் நால்வர் நோயாளரின் எண்ணங்களைப் போன்ற எண்ணங்கள் தமக்கும் வருவதுண்டு என்றனர். அவ்வெண்ணங்கள் நம் எல்லோருக்கும் வருகின்றன. நாம் அவற்றை விட்டுவிடுகிறோம், நோயாளியால் விட முடிவதில்லை. ஆகவே இந்நோயாளரை வேறொரு சாதி மனிதராக எண்ணி நகைப்பதற்கு நமக்கு எவ்வித உரிமையும் இல்லை.

எங்கள் வீட்டில் அந்நோய் கிணற்றடியிலே குடியிருந்தது. விடியுமுன் நாலு மணிக்குக் கப்பி உருளும் ஓசை கேட்கும். அக்கா கைகழுவுகிறாள் என்று அறிந்து நாங்கள் மறுபக்கம் திரும்பிப் படுப்போம். ஊரவர் அவளை ஆசாரமான பிள்ளை என்று மெச்சினர். பின்னர் விசர் என்றனர். இரண்டுக்கும் இடையே அவள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எழுத முடியாமற் போனது. விடைத்தாளில் எழுதிய முதல் வரியையே மூன்று மணி நேரமும் அழித்தழித்து எழுதிக்கொண்டிருந்தாள். கோயிலுக்கு நேர்த்தி வைத்தோம். பரிசாரியிடம் எண்ணெய் வாங்கினோம். பின்னரே வைத்தியசாலைக்குச் சென்றோம். அங்கு நோய்க்குப் பெயர் கிடைத்தது. மருந்தும் கிடைத்தது. மருந்து மாற்றப்பட்டது, அளவு கூட்டப்பட்டது, மீண்டும் மாற்றப்பட்டது. கிணற்றடியில் மாற்றமில்லை.

இவ்விடத்தில் சிகிச்சை முறைகள் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். இந்நோய்க்கு நிறுவப்பட்ட சிகிச்சைகள் இரண்டு. ஒன்று, செரட்டோனின் மீது தொழிற்படும் மாத்திரைகள். மற்றது, அஞ்சும் பொருளை நேரே எதிர்கொண்டு, தணிக்கும் செயலைச் செய்யாது பொறுத்திருக்கப் பழக்கும் உளவியற் பயிற்சி. இரண்டும் பயன் தருவன. இவற்றை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் முதலில் கொடுக்கப்படும் மாத்திரையினால் நூற்றுக்கு நாற்பது தொடக்கம் அறுபது பேர் வரை போதிய பயன் அடைவதில்லை. பயிற்சியோ, அதனை நடத்தக் கற்றவர் உள்ள இடத்தில் மட்டுமே கிடைக்கும். எங்கள் ஊரில் அத்தகையவர் எவரும் இல்லை. எஞ்சி நிற்கும் இந்நோயாளருக்கு நாம் என்ன கூறப்போகிறோம் என்பதே பிரச்சினை.

இரண்டு பேர்

"சான்று எங்கே?" என்று கேட்ட நண்பருக்கு முதலில் ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

இன்று உலகெங்கும் போற்றப்படும் மேற்கூறிய உளவியற் பயிற்சி எங்கிருந்து தோன்றியது? 1966இல் விக்டர் மேயர் என்பவர் இலண்டனில் தாம் சிகிச்சை அளித்த நோயாளர் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிற் கூறப்பட்ட நோயாளர் இரண்டே பேர். அதற்காக எவரும் அவரை நகைத்து அனுப்பிவிடவில்லை. 1974இல் அவரும் சகாக்களும் பதினைந்து பேரைப் பற்றி எழுதினர். பின்னர் பிறர் ஒப்பீட்டுக் குழுக்களை வைத்து ஆராய்ந்தனர். இரண்டு பேரிற் கண்டது உண்மையென்று நிறுவப்பட்டது. குளோமிப்பிரமீன் என்ற மாத்திரையின் கதையும் இத்தகையதே. இந்நோய்க்கு அது பயன்படுகின்றது என்ற முதற் செய்திகள் 1960களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வெளியாயின. அமெரிக்க அரசு இந்நோய்க்கென அதற்கு அனுமதி வழங்கியது 1989இலேயே. இடைப்பட்ட இருபது ஆண்டுகளை நோயாளர் தமது வாழ்நாளிலிருந்து செலுத்தினர்.

இனிக் கஞ்சாவுக்கு வருவோம். 2008இல் ஜேர்மனிய மருத்துவர் குழுவொன்று, வேறெந்தச் சிகிச்சைக்கும் இணங்காதிருந்த நோயாளர் சிலருக்கு, கஞ்சாவின் முதன்மைக் கூறான டி.எச்.சி.யை உடைய ட்ரொனபினோல் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோய் தணிந்ததாக அறிவித்தது. அந்நோயாளரும் இரண்டே பேர். 1966இன் இருவர் எட்டு ஆண்டுகளிற் பதினைவராயினர். 2008இன் இருவருக்குப் பின் நிகழ்ந்தது என்ன? கஞ்சாவையும் போலி மருந்தையும் நேருக்கு நேர் வைத்து இந்நோயாளரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2020இலேயே வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து அதில் சேர்க்கப்பட்டோர் 14 பேர்.

அவ்வாய்வின் முடிவை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். நியூயோர்க்கில் நடத்தப்பட்ட அவ்வாய்வில் டி.எச்.சி. மிக்க கஞ்சா, சி.பி.டி. என்ற மற்றொரு கூறு மிக்க கஞ்சா, இரண்டும் நீக்கப்பட்ட போலி ஆகிய மூன்றும் வெவ்வேறு நாட்களிற் புகைக்கக் கொடுக்கப்பட்டன. நோய்க்குறிகளைப் பொறுத்தவரை உண்மைக் கஞ்சா போலியைவிடச் சிறப்பாகச் செயற்படவில்லை. பதகளிப்போ போலியைப் புகைத்தவேளையிலேயே கூடுதலாகத் தணிந்தது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு சிறு ஆய்வில், டி.எச்.சி.யைப் போன்ற செயற்கை மருந்தான நபிலோன் 11 பேரிடம் பரீட்சிக்கப்பட்டது. மருந்தை மட்டும் பெற்றவரிடம் மாற்றம் சிறிதே. மருந்தோடு உளவியற் பயிற்சியும் பெற்றவரிடம் மாற்றம் பெரிது. ஆயினும் அது பயிற்சியின் பயனா, இரண்டும் கூடிய பயனா என்பதை அவ்வாய்வினால் பிரித்தறிய இயலாது.

மறுபக்கத்திலே 2021இல் வெளிவந்த வோஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு உள்ளது. இந்நோய்க்கெனத் தாமே கஞ்சாவைப் பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தம் நிலையைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்த 87 பேரின் 31 மாதக் குறிப்புகள் அதில் ஆராயப்பட்டன. கட்டாயச் செயல்கள் 60 வீதமும், வேண்டாத எண்ணங்கள் 49 வீதமும், பதகளிப்பு 52 வீதமும் குறைந்ததாக அவர்கள் பதிந்திருந்தனர். இவர்கள் கஞ்சாவை முன்னரே நம்பியவர்கள்; போலி மருந்து பெற்ற ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லை. எனவே இதனையும் நிரூபணம் எனக் கொள்ள முடியாது.

ஆக, இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுத்து நிற்கின்றன. மனநோய்களுக்குக் கஞ்சா மருந்துகள் பற்றிய 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு மீளாய்வும் சான்று போதாது என்றே கூறியது. இதனை நண்பர் தமது வெற்றியாகக் கொள்வாராயின் அவரிடம் நான் கேட்பது ஒன்றே: பதினான்கு பேரிடம் சில மணி நேரம் பார்த்த ஒன்றை வைத்து, அறிவியல் எப்பொழுது ஒரு வாயிலை நிரந்தரமாக மூடியது?

பூட்டு

சான்று ஏன் இவ்வளவு அரிதாயிற்று? ஆய்வாளர் சோம்பேறிகளா? இல்லை. பூட்டு வேறிடத்திலே போடப்பட்டிருந்தது.

1970இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கட்டுப்பாட்டுப் பொருட்கள் சட்டம் கஞ்சாவை முதலாம் அட்டவணையில், அதாவது ஏற்கப்பட்ட மருத்துவப் பயன் எதுவுமற்ற பொருட்களின் வரிசையில், வைத்தது. ஆய்வுக்கெனக் கஞ்சா பயிரிட 1968 தொடக்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாடு முழுவதிலும் அனுமதி பெற்றிருந்த இடம் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் ஒன்றே. வேறிடங்களுக்கு அனுமதி வழங்கும் முடிவு 2021இலேயே வந்தது. நியூயோர்க் ஆய்விற் புகைக்கப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 7 வீதம் மட்டுமே; கடைகளில் விற்கப்படுவதிலோ 20 வீதத்துக்கும் மேற்பட்டிருப்பது சாதாரணம். மக்கள் பயன்படுத்துவது ஒன்று, ஆய்வாளர் பயன்படுத்த விடப்பட்டது வேறொன்று.

பயன் நிரூபிக்கப்படாமையால் தடை, தடையினால் ஆய்வில்லை, ஆய்வின்மையால் பயன் நிரூபிக்கப்படவில்லை. சட்டம் தானே வெட்டிய குழியைக் காட்டி, பாருங்கள், இங்கு நிலமில்லை என்கிறது. "சான்று எங்கே?" என்ற வினா ஆய்வுகூடத்தில் எழும்போது அது அறிவியல். சான்றைச் சிறையிலிட்டவனே சிறைவாயிலில் நின்று அதனைக் கேட்கும்போது அது கபடம்.

இக்கபடம் எல்லா மருந்துகள் மீதும் ஒரேமாதிரிப் பிரயோகிக்கப்படுவதுமில்லை. 2009இல் அதே அமெரிக்க அரசு, கடுமையான எண்ணச் சுழற்சி நோயாளரின் மண்டையோட்டைத் துளைத்து மூளையினுள் மின்கம்பி பொருத்தும் சிகிச்சைக்கு, மனிதாபிமான விதிவிலக்கு என்ற பெயரில் மட்டுப்படுத்திய அனுமதி வழங்கியது. அதற்கு ஆதாரமாயிருந்த தரவு 26 நோயாளருடையது. அந்த அனுமதியை நான் குறைகூறவில்லை. வேறு வழியற்ற நோயாளருக்குக் குறைந்த சான்றோடும் வாயில் திறக்கலாம் என்ற நெறி அங்கு ஏற்கப்பட்டது. அது சரியான நெறியே. மின்கம்பிக்கு ஏற்ற நெறி செடியொன்றுக்கு ஏன் ஏற்காது போயிற்று? கம்பியைச் செய்பவன் கம்பனி. செடியை வளர்ப்பவனைச் சட்டம் குற்றவாளியென்று முன்னரே எழுதிவைத்துவிட்டது. வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

மினசோட்டா தரும் பாடம்

சட்டம் கதவைத் திறந்த இடமொன்றையும் பார்ப்போம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2014இல் மருத்துவக் கஞ்சாச் சட்டத்தை இயற்றி, 2015 யூலையில் விநியோகத்தைத் தொடங்கியது. அப்போது குறித்த சில நோய்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. அப்பட்டியலில், எண்ணச் சுழற்சி நோய்க்கு மிக நெருங்கிய உறவினதான ரூறெற் நோய் ஆரம்பத்திலேயே இடம்பெற்றது. பெருந்துயர் நிகழ்வுகளின் பின் வரும் மனவடு நோய் 2017இலும், தீராவலி 2020இலும் சேர்க்கப்பட்டன. எண்ணச் சுழற்சி நோய் காத்திருந்தது. அக்காலத்தில் பொதுமக்கள் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க முடிந்தது. மாநிலச் சுகாதார ஆணையாளர் தீர்ப்பளித்து வந்தார். 2022 நவம்பரில், அந்நோயும் குடல் எரிச்சல் நோயும் பட்டியலிற் சேரும் என்ற அறிவிப்பு வந்தது. சூதாட்ட நோய்க்கான விண்ணப்பமும் அபின்வகைச் சார்பு நோய்க்கான விண்ணப்பமும் அவ்வாண்டு ஏற்கப்படவில்லை.

இம்முறையில் நன்மைகள் இருந்தன. மருத்துவர் நோயைச் சான்றுபடுத்த வேண்டும். மருந்தாளர் நோயாளியோடு பேசி அளவைத் தீர்மானிக்க வேண்டும். நோயாளி தன் நிலையைக் காலந்தோறும் அறிவிக்க, மாநிலம் அவற்றைத் தொகுத்து வெளியிடும். அதாவது, மருந்தைக் கொடுத்துக்கொண்டே சான்றையும் சேர்க்கும் வழி அது. நமது நண்பரின் வினாவுக்கு உகந்த விடை இத்திசையிலேயே உள்ளது.

ஆனால் பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். எண்ணச் சுழற்சி நோயாளருக்கு அந்த உரிமை நடைமுறைக்கு வந்தது 2023 ஓகஸ்ட் 1ஆம் திகதி. அதே நாளிலேயே, நோயுள்ளோர் நோயற்றோர் என்ற வேறுபாடின்றி, 21 வயதுக்கு மேற்பட்ட எவரும் கஞ்சாவை வைத்திருக்கலாம் என்ற சட்டமும் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டுகள் வாசலிற் காத்துநின்ற நோயாளி உள்ளே காலடி வைத்த அன்றே வீட்டின் சுவர்கள் இடிக்கப்பட்டன.

இதனை விடுதலை என்று கொண்டாடுவோர் இருக்கின்றனர். நான் அவர்களோடு சேரமாட்டேன். களிப்புக்காகக் கஞ்சா வாங்கும் சுதந்திரம் வேறு, நோய்க்கு மருந்து பெறும் உரிமை வேறு. சந்தைக்கு நோயாளி என்றொருவன் இல்லை. வாங்குபவன் மட்டுமே உண்டு. அவனுக்கு எக்கூறு எவ்வளவு வேண்டும், அவனது குடும்பத்தில் சித்தப்பிரமை இருந்ததா, அவன் கிணற்றடியிலே நிற்கும் நேரம் குறைந்ததா கூடியதா என்று கடைக்காரன் கேட்கமாட்டான். கேட்டால் விற்பனை குறையும். தடையும் சந்தையும் ஒன்றுக்கொன்று பகையென்று நாம் எண்ணுகிறோம். நோயாளியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே காரியத்தையே செய்கின்றன: மருத்துவரில்லாத தனிமையில் அவனை விட்டுச்செல்கின்றன.

நமது நாட்டில்

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கப்படலாம். ரொறன்ரோவில் வாழும் என் பெரியம்மாவின் மகன், அங்கு 2018 ஒக்ரோபரிலிருந்து கஞ்சா எண்ணெய் சட்டப்படி விற்கப்படுவதாகவும், அக்காவுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டபோது, எங்கள் வீட்டிலும் இக்கேள்வி புகுந்தது. அம்மா ஒரு சொல்லில் மறுத்தார்: "மறியல்." அவர் சொன்னது சரி. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் ஆண்ட காலத்தது. அது இன்றும் நம்மை ஆள்கின்றது.

ஆயினும் இந்நாட்டிலே கஞ்சா மருந்தாகப் பயன்படவில்லை என்று எவரும் கூறமுடியாது. ஆயுர்வேதத்திலும் சித்தத்திலும் சுத்திசெய்த கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு. ஆயுர்வேத மருந்தாக்கத்துக்கு அதனைப் பெறச் சட்டமே வழி வைத்துள்ளது. பெறப்படும் கஞ்சா எங்கிருந்து வருகின்றது? குற்றவாளிகளிடம் கைப்பற்றப்பட்டு நீதிமன்றங்களிலே சான்றுப் பொருளாகக் கிடந்ததே மருந்தாக்கத்துக்கு வழங்கப்பட்டு வந்தது. நான்கைந்து ஆண்டுகள் கிடந்து வீரியமிழந்த பின்னரே அது வைத்தியர் கைக்கு வருகின்றது என்று 2017இல் அன்றைய சுகாதார அமைச்சரே குறைபட்டுக்கொண்டார். வழக்குத் தீர்ந்தபின் எஞ்சிய பொருள் நோயாளியின் மருந்தாகின்றது.

பின்னர் 2025இல், வெளிநாட்டு முதலீட்டாளர் இங்கு கஞ்சா பயிரிட அனுமதி அளிக்கப்பட்டது. நிபந்தனை, விளைவது முழுவதும் ஏற்றுமதிக்கே, உள்நாட்டில் விற்கலாகாது. இதன் பொருளைச் சற்று ஆராய்வோம். இம்மண்ணில் விளையும் மருந்து அயல்நாட்டு நோயாளிக்கு மருந்து. இம்மண்ணின் நோயாளிக்குக் குற்றம். தேயிலைத் தூளின் நல்லதைக் கப்பலேற்றிவிட்டுக் கழிவைக் குடித்துப் பழகிய நாட்டுக்கு இது புதிதன்று. ஆனால் அரசு இனி ஒழுக்கத்தின் பெயரால் பேச முடியாது. டொலருக்காகச் செடி நல்லது, தமக்கைக்காகக் கெட்டது என்ற நீதியை எந்த ஒழுக்க நூலும் ஏற்காது.

தடைகள்

எதிர்ப்போரின் வாதங்களை நேர்மையோடு நோக்குவோம்.

இளைஞர் கெட்டுப்போவர் என்பர் சிலர். புற்றுநோயாளியின் வலிக்கு வைத்தியசாலையில் மோர்பின் கொடுக்கப்படுகின்றது. தெருவில் ஹெரோயின் விற்கப்படுகின்றது என்பதற்காக அதனைப் பறித்துவிடுமாறு எவரேனும் கோரியதுண்டா? இரண்டும் அபினியின் வழிவந்தவையே. மருந்தையும் போதையையும் பிரித்துக் கையாளும் திறன் நமது சுகாதாரத்துறைக்கு ஏற்கெனவே உண்டு.

கஞ்சா சித்தப்பிரமையைத் தூண்டும் என்பர் வேறு சிலர். உண்மை. டி.எச்.சி. மிக்க கஞ்சாவை அடிக்கடி பயன்படுத்துவோரிடம், சிறப்பாக இளவயதினரிடம், அவ்வாபத்து கூடுதலாகவே உண்டு. பழக்கத்துக்கு அடிமையாவோரும் உளர். எண்ணத்திலிருந்து தப்ப ஒவ்வொரு முறையும் புகைப்பதும், கிணற்றடிக்கு ஓடுவதைப்போல் இன்னொரு கட்டாயச் செயலாக மாறக்கூடும். இவை யாவும் மருத்துவர் அருகில் இருக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள். மருத்துவரை அகற்றிவிட்டுச் சந்தியில் வாங்கச்சொல்லும் இன்றைய நிலையை ஆதரிப்பவை ஆகா.

நம் முன்னோர் பயன்படுத்திய மூலிகை, ஆகவே நல்லது என்போர் என் பக்கம் நிற்பதாக எண்ணுகின்றனர். அவர்களையும் நான் மறுக்கிறேன். முன்னோர் வேறு நோய்களுக்குக் கொடுத்தனர். பழைமை ஆய்வுக்குத் தூண்டுகோலாகலாமேயன்றி ஆய்வுக்குப் பதிலாகாது.

என்ன வேண்டும்

எனது கோரிக்கை மிகச் சிறியது. மாத்திரைகள் இரண்டேனும் போதிய அளவிலும் காலத்திலும் கொடுக்கப்பட்டும், உளவியற் பயிற்சி அளிக்கப்பட்டும் பயன்காணாத வளர்ந்தோருக்கு, உளமருத்துவரின் மேற்பார்வையில், கூறும் அளவும் அறியப்பட்ட கஞ்சா மருந்து சட்டப்படி கிடைக்க வேண்டும். சித்தப்பிரமை தமக்கோ குடும்பத்தவர்க்கோ இருந்தவர் விலக்கப்பட வேண்டும். மருந்தும் பயிற்சியும் ஒன்றாகவே வழங்கப்பட வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் நிலையும் யேல்-பிரவுண் அளவுகோல் போன்ற ஏற்கப்பட்ட அளவுகோலால் மாதந்தோறும் அளக்கப்பட்டு, பெயர் நீக்கிப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். பயனில்லை என்று தெரியவந்தால் நிறுத்தப்பட வேண்டும். செலவை அரசு ஏற்க வேண்டும். இலவச மருத்துவம் பற்றிப் பெருமைகொள்ளும் நாடு இதிலே விலகிநிற்க நியாயமில்லை.

1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் இடம் வைத்தே எழுதப்பட்டது. அவ்வுடன்படிக்கையின் மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க 2020 டிசெம்பர் 2ஆம் திகதி ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு 27க்கு 25 என்ற வாக்குகளால் தீர்மானித்தும்விட்டது. ஆகவே உலகச் சட்டம் தடுக்கின்றது என்ற சாக்கும் இனிச் செல்லாது.

மருத்துவபீட நண்பரே, உமது வினா நல்ல வினா. அதனை எம்மை நோக்கி மட்டும் கேளாது, சான்றைப் பூட்டிவைத்திருப்போரை நோக்கியும் கேளும். நீர் நாளை மருத்துவராவீர். உம் முன்னே வெடித்த கைகளோடு ஒருத்தி வந்து அமர்வாள். எல்லா மாத்திரைகளும் தோற்றபின், "வேறு ஏதும் இருக்கிறதா, டொக்டர்?" என்பாள். "இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை" என்பதுதான் அப்போதும் உமது விடையா?

இம்மருந்து என் தமக்கையைக் குணப்படுத்தும் என்று நான் எங்கும் எழுதவில்லை. குணப்படுத்தாது போகலாம். அவளிடம் இக்கட்டுரையை வாசித்துக் காட்டியபோது அவளும் அதையே சொன்னாள். பின்னர், "ஆனால் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லட்டும்" என்றாள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கு எழுந்து போனாள்.